இரண்டு பிள்ளைகள் குறைவு

முப்பது பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு இனி நிதி கிடையாது, மூடப்படும் என்ற அரசு உத்தரவு தலைமையாசிரியையின் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. இருந்ததோ இருபத்தெட்டுப் பேர். சேர்க்கைக்கு இன்றுதான் கடைசி நாள்.

மடிப்புக் கலையாத சட்டையும் கைத்தடியுமாக வந்த பெரியவர், தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நிமிர்ந்து நின்று கூரையைப் பார்த்தார்.

"ஒழுகுமா?"

"மழை பெஞ்சா மட்டும் ஒழுகும் ஐயா."

"கழிப்பறைக்குக் கதவு எங்கே?"

"கேட்டு மூணு வருஷம் ஆச்சுங்க."

மூடுவதற்கு முன் குறை எழுத வந்த அதிகாரி என்றே தலைமையாசிரியை நினைத்தார்.

"படிப்புல குறை சொல்ல முடியாதுங்க. பிள்ளைங்களையே கேட்டுப் பாருங்க."

"வாசல்லயே கேட்டேன். ஒரு வாண்டு திருப்பி என்னைக் கணக்குக் கேட்டுச்சு. எனக்குத்தான் விடை வரல."

சொல்லிவிட்டு, பையிலிருந்து இரண்டு சேர்க்கைப் படிவங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பேத்திங்க. இரட்டைப் பிள்ளைங்க. மருமக கையெழுத்துப் போட்டுட்டா."

தலைமையாசிரியை படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். "அப்பா கையெழுத்து ஐயா?"

பெரியவர் சுவரிலிருந்த உத்தரவின் அடிப்பகுதியைத் தடியால் தொட்டுக் காட்டினார்.

"அங்க போட்டிருக்கான் பாருங்க."

தலைமையாசிரியை அந்தப் பெயரைப் படித்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார்.

"பள்ளிக்கூடத்தை மூடின குடும்பம்னு எங்களுக்குப் பேர் வேண்டாம்மா. இனிமே கூரை ஒழுகினா, கதவு இல்லேன்னா, என் மருமக அவனைக் கேட்பா. அவகிட்ட எந்த உத்தரவை நீட்டுறான்னு நானும் பார்க்கிறேன்."