யவனப் பெண்ணின் நெற்றி

“அழிக்க மாட்டேன் சார்” என்று நெற்றியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள் கோமதி. விரலிடுக்கில் குங்குமம் தெரிந்தது. அப்போதுதான் இட்டுக்கொண்டிருக்க வேண்டும், பளிச்சென்று இருந்தது.

செம்பூர் ஸ்டூடியோவின் மேக்கப் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அனந்தநாராயணனுக்குச் சங்கடமாகப் போயிற்று. மாதுங்காவில் கல்லூரி மாணவர்களுக்குச் சரித்திரம் சொல்லித்தருகிறவர் அவர். மகதத்தின் மேல் யவனர்கள் படையெடுத்து வரும் இந்திப் படம் இது, அதற்கு ஆலோசகராக அழைத்திருந்தார்கள்.

“நேத்து வரைக்கும் நீ மகத ராணிக்குத் தோழிம்மா. பூவும் பொட்டும் வளையலும் இருந்தது, நான் ஏதாவது சொன்னேனா? இன்னிக்கு நீ யவனப் பாளையத்துப் பணிப்பெண். கிரேக்க தேசத்துக்காரி நெத்தியில குங்குமம் ஏது?”

“ஓரமாத்தான சார் நிக்கேன். யாரு பாக்கப் போறா?”

“என் காலேஜ் பசங்க பார்ப்பா. போன வருஷம் ஏதோ ஒரு படத்துல சேனாபதி கைக்கடிகாரம் கட்டிண்டு சண்டை போட்டான். அந்தப் படத்துக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனாலும் கிளாஸ்ல நுழைஞ்சா, மணி என்ன சார்னு என்னைத்தான் கேட்டா.”

மேக்கப்காரர் கலீலுல்லா சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை.

அவளைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் தயாராகிவிட்டார்கள். தோளில் முடிச்சிட்டு, கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைத் துணி. பூவை எடுத்தாயிற்று, கண்ணாடி வளையலைக் கழற்றியாயிற்று. தாலியை உள்ளே தள்ளி ஊக்கு குத்தியிருந்தார்கள். கோமதியின் கழுத்திலும் ஒன்றும் வெளியே தெரியவில்லை. அதை மட்டும் சமர்த்தாக மறைத்துக்கொண்டவள், இதற்கு ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

யவனப் பெண்கள் சாயத் துணியும் உடுத்துவார்கள் என்று அனந்தநாராயணன் படித்திருக்கிறார். கேமராவுக்கு வெள்ளைதான் எடுப்பு என்று டைரக்டர் சொன்னதும் அதை விட்டுக்கொடுத்துவிட்டார். குங்குமத்தையாவது விடக் கூடாது என்றிருந்தது.

“பவுடரை அப்பி மறைச்சுடட்டுமா ஸாப்?” என்றார் கலீலுல்லா. “எல்லாருக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். இந்தம்மா மட்டும் என் கையில விடவே விடாது. நான் வர்றதுக்குள்ள கண்ணாடி முன்னால நின்னு, காலணா அகலத்துக்குத் தானே வச்சுக்கும்.”

“மறைச்சாலும் அழிச்ச மாதிரிதான அண்ணே” என்றாள் கோமதி.

தாராவியிலிருந்து வரும் பூமாரி முன்னால் வந்தாள். “அவ வீட்டுக்காரரு கப்பல்ல வேலை பாக்காரு சார். கடல்ல கெடக்க மனுசன். இங்க பொஞ்சாதிக்கு வெள்ளையைக் கட்டிவிட்டு, பொட்டையும் அழின்னா அவ மனசு என்ன பாடுபடும்?”

“நீயும் கல்யாணம் ஆனவதானே? அழிச்சுட்டியே.”

“என் வீட்டுக்காரரு பட்டறையில குத்துக்கல்லு மாதிரி இருக்காரு, அவருக்கு ஒரு கேடும் வராது. ஏளா கோமதி, நீயே வாயைத் தொறந்து சொல்லேன். இவ இப்படித்தான் சார். எங்களுக்கு முன்னால வந்துருவா, எங்களுக்குப் பொறவுதான் கெளம்புவா. ஒரு நாளாவது எங்ககூட ரயிலேறி இருக்காளா? முலுண்டுல அப்படி என்ன மாளிகையோ.”

வெளியே உதவி டைரக்டர் கை தட்டிக் கூப்பிட்டார். ஷாட்டுக்கு நேரமாகிறது, தயாராகாதவர்களை இப்போதே அனுப்பிவிடலாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

கோமதியின் முகம் மாறிற்று. “மகத அரண்மனை மறுபடி எப்ப சார் எடுப்பாங்க?”

“அந்த செட்டைக் காலம்பற பிரிச்சுட்டாளேம்மா. இனிமே கடைசி வரைக்கும் யவனப் பாளையம்தான்.”

“ஒரு நாள்கூட இல்லையா?”

“இல்லைம்மா.”

அவள் கையை நெற்றியிலிருந்து எடுத்தாள். கலீலுல்லா நீட்டிய ஈரத் துணியை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு நேரே போய் நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல, வலிக்கும் இடத்தைத் தொடுவதுபோல, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

திரும்பியபோது வெள்ளைத் துணியும் வெறும் நெற்றியுமாக அவளைப் பார்த்த அனந்தநாராயணன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி விசாலாக்ஷி விளையாட்டுக்குக்கூட ஒரு வெள்ளைப் புடவையைத் தொடமாட்டாள். வெளியூர் போன கணவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் இப்படிக் கண்டிப்பு காட்டியிருக்க வேண்டாமோ என்று தோன்றிற்று. அவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேம்மா. இது வெறும் வேஷம். உங்காத்துக்காரர் சௌக்கியமா திரும்பி வருவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் காரியமா நன்னா பெரிசா ஒரு பொட்டு இட்டுக்கோ. எல்லாம் சரியாயிடும்.”

கோமதி ஈரத் துணியை மடித்துக் கலீலுல்லாவிடம் கொடுத்தாள். துணியில் சிவப்பு படிந்திருந்தது.

“வீட்டுல நான் இப்படித்தான் சார் இருக்கேன்.”