நின்றுபோன நகல்

தொலைபேசி மறுபடி அடித்தபோது அவள் தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்கியிருக்கவில்லை. மறுமுனையில் தலைமை அலுவலகத்துப் புள்ளிவிவர அதிகாரி.

"வந்துட்டீங்களா மேடம்? குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அவர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கூட்டிப் பெருக்குகிறவர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார் என்று அதற்குள் நல்ல பெயர்.

"விட்டுடுச்சு சார். லீவு நாளைக்கு வரைக்கும் இருக்கு, மனசு கேக்காம வந்துட்டேன். என்ன விஷயம் சார்?"

"நகல் நின்னு போச்சு மேடம். இங்க எல்லாமே பழைய தகவலாத்தான் காட்டுது."



அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்கான காப்பகம் அது. அவர்களுடைய விவரமெல்லாம் இந்த அறையில் இருக்கும் சர்வரில். அதன் நகல், நகரத்தின் மறுகோடியில் தலைமை அலுவலகத்து சர்வரில். இங்கே ஒரு எழுத்து மாறினால் மறுநொடி அங்கேயும் மாறும். அங்கிருப்பவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. அந்த நகல் பின்தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அவள் வந்த நாளாக அது ஒருபோதும் நின்றதில்லை.

காப்பகத்தின் தலைவியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. கைப்பேசி அணைந்து கிடந்தது. கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்றார் வாசல் காவலாளி.

கணினியில் தேடிப் பார்த்தாள். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. இணைப்பும் கல்லுப் போல இருந்தது. போகிற போக்கில் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போனது மாதிரி, முந்தாநாள் காலையோடு நகல் நின்றிருந்தது.

திரும்பவும் தொலைபேசி. அதே அதிகாரி.

"நச்சரிக்கிறேன்னு நினைக்காதீங்க மேடம். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும். நாங்க என்ன மாத்தவா போறோம், சும்மா பார்க்கத்தானே?"

"இதோ, லைன்லயே இருங்க சார்."

நகலை மறுபடி ஓடவிட்டாள். தேங்கிக் கிடந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாக அங்கே போய்ச் சேர்ந்தன.

"சரியா வருதான்னு பாத்துடலாம் சார். ஏதாவது ஒரு பதிவு சொல்லுங்க."

"அந்த மணிக்கட்டு உடைஞ்ச கேஸ் இருக்கே, அதைப் பாப்போம். அவ வீடு மாறிட்டாளாமே?"

அவளுக்கு அந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும். கதவு சத்தம் கேட்டாலே மகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறவள். 'எனக்குன்னு ஒரு வீடு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அது போதும்க்கா' என்று போன வாரம்தான் சொன்னாள். திரையில் அவள் பதிவில் புது முகவரி இருந்தது. ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது போலிருக்கிறது!

"புது முகவரி தெரியுதா சார்?"

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் படித்தார்.

"மாடி வீடு... பின்பக்கப் படிக்கட்டு... வந்துடுச்சு மேடம். இந்த உதவியை மறக்க மாட்டேன்."

நாற்காலி கிறீச்சென்று நகரும் ஓசை கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டார்.

அப்பாடா என்று அவள் பையைக் கீழே வைத்தாள். மதியத்துக்கு மேல் பெரியக்காவே கூப்பிட்டார்.

"கோர்ட்ல இருந்தேன்டி. எதுக்குக் கூப்பிட்டே?"

"ஒண்ணுமில்லக்கா, நகல் நின்னு போயிருந்துச்சு. வந்த கையோட ஓட வச்சுட்டேன்!"

"நீ ஆபீஸ்லயா இருக்கே?" பெரியக்காவின் குரல் மாறியது. "அடிப்பாவி, அது தானா நிக்கலைடி. அந்த மணிக்கட்டு உடைஞ்ச பொண்ணு வீடு மாறினப்பவே, நீ சொல்லிக் குடுத்த மாதிரி நான்தான் நிறுத்தி வச்சேன். நீ வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஏன்க்கா? பாவம், புள்ளிவிவர ஆபீஸர் காலையிலேருந்து தவியாத் தவிச்சாரு."



"அவன்தான்டி அவ புருஷன்!"