களிமண் துறவிகள்

கட்டிலில் ஒரு துறவி உயிர் போகும் நிலையில் கிடந்தார். சுற்றிலும் துறவிகள் கண்ணீரோடு நின்றிருந்தார்கள். மடத்துச் சிற்றாலயத்துக்குள் வேகமாக நுழைந்த பிரெஞ்சுப் படை சார்ஜெண்ட் மாத்துரேன், சட்டென்று தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க சாமி. சாவு நேரம்னு தெரியாம வந்துட்டோம்."

"அவர் செத்து அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார் வாசலோரம் உட்கார்ந்திருந்த கிழத் துறவி தியொதோசியு. "எல்லாம் சுட்ட களிமண்ணு. முன்னாடி இங்க இருந்த சாமியாருங்க செஞ்சது."

மாத்துரேன் அசடு வழிந்தார். போர்ச்சுகலில் அலைந்து அலைந்து மொழி ஒட்டிக்கொண்டிருந்தது, கால்தான் ஓய்ந்துபோயிருந்தது. படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மத்த சாமிங்கல்லாம் எங்க?"

"உங்க பட்டாளம் வருதுன்னதும் ஓடிட்டாங்க. எனக்கு ஓடத் தெம்பில்ல."

"எங்க பையன் ஒருத்தனும் ஓடிட்டான். எதியேன்னு பேரு. புடிச்சா சுடணும். ஒளிச்சு வெச்சவங்களையும் சுடணும். உத்தரவு."

"தேடிக்குங்க." தியொதோசியுவின் குரலில் அலுப்புதான் இருந்தது. கைகளை மட்டும் அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

கூட வந்த சிப்பாய் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். சன்னல் இல்லாத அறை. மெழுகுவர்த்திச் சுடர்கள் அசையாமல் நின்றன. பின்வரிசையில் முக்காடு தாழ்த்தி நின்ற துறவிக்கு எதிரே இருந்த சுடர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வெள்ளிய வெச்சிருப்பானுங்க," என்று சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ஒரு துறவியின் தோளில் இடித்தான். கை உடைந்து விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவன் பின்வரிசைக்குப் போய்க் கட்டையை ஓங்கினான். தியொதோசியு கண்களை மூடிக்கொண்டார்.

"விடுடா!" என்றார் மாத்துரேன். "மண்ண ஒடச்சு என்னத்தக் கிழிக்கப்போற? போய்க் குதிரைக்குத் தண்ணி காட்டு. இங்க யாரும் இல்லைன்னு கேப்டன்கிட்ட சொல்லிக்கலாம்."

சிப்பாய் முணுமுணுத்தபடி வெளியேறினான். மாத்துரேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பையிலிருந்து பாதி ரொட்டியை எடுத்துக் கிழவரின் மடியில் வைத்தார்.

"எனக்கு வேணாம்ப்பா. கடிக்கப் பல்லு இல்ல."

தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது மாத்துரேன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"எதியேனுக்குக் குடுங்க சாமி, நின்னு நின்னு அவனுக்குக் காலு மரத்துப்போயிருக்கும்."