கிளி அட்டை

மாணவி ராஸ்மதாவின் கழுத்தில் இன்றைக்கும் கிளி அட்டைதான் தொங்கியது. அதுவும் பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டரம்மா வந்து உட்கார்ந்திருக்கிற நாளில்.

கப்ரே சாருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அட்டை அவருடைய கண்டுபிடிப்பு. அவர் படித்த காலத்தில், வகுப்பில் பிரெஞ்சை விட்டுவிட்டு வீட்டுமொழியான மோரேயில் பேசினால், கழுத்தில் மாட்டெலும்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கூடவே பிரம்படி. அவரும் அந்த எலும்பைச் சுமந்து படித்தவர்தான்.

வாத்தியாரானதும் எலும்பைத் தூக்கி எறிந்தார். பிரம்பையும்தான். பதிலுக்கு ஒரு அட்டை. அதில் சிரிக்கிற கிளி, மேலே பிளாஸ்டிக் உறை. மோரே பேசியவர் கழுத்தில் அட்டை ஏறும். அடுத்து எவர் வாய் தவறுகிறாரோ, அவர் கழுத்தில் அதை மாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். மதிய மணி அடிக்கும்போது அட்டை யாரிடம் இருக்கிறதோ, அவர் எல்லோருக்கும் சோறும் பயறும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும். கடைசியில் அநேகமாக வெறும் சட்டிதான் இருக்கும்.

இதற்குப் பெயர் விளையாட்டு முறை.

வாத்தியாருக்கும் அதே விதி என்பதுதான் இதில் பெரிய புதுமை. "நான் மோரேல பேசினா என் கழுத்துலயும் மாட்டுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இதுவரை அவர் வாய் தவறியதே இல்லை.

பிள்ளைகள் கடைத்தெரு நடித்துக் காட்டினார்கள். தக்காளிக்குப் பேரம், பஸ் டிக்கெட்டுக்குச் சண்டை, எல்லாம் பிரெஞ்சில். இன்ஸ்பெக்டர் தப்சோபா அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இதை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்றார். பிறகு ராஸ்மதாவைக் காட்டி, அந்தப் பெண் ஏன் இப்படி ஒட்டி உலர்ந்து கிடக்கிறாள் என்று கேட்டார்.

"திமிர் மேடம்," என்றார் கப்ரே சார். "வகுப்புலயே நல்லா பிரெஞ்சு பேசறவ அவதான். போன மாசம் மூணு நாள் மட்டம் போட்டா. திரும்பி வந்து மேஜைகிட்ட நின்னு மோரேல ஆரம்பிச்சா. வாயத் திறந்ததுமே நிறுத்திட்டேன், பிரெஞ்சுல சொல்லுன்னேன். 'இது பிரெஞ்சுல வராது சார்'ங்கறா. மாட்டிவிட்டேன் அட்டைய."

தப்சோபா அம்மா சிரித்தார்.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அட்டையை யாருக்கும் மாற்றுவதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புரெய்மா நாளைக்கு நாலு தடவை உளறுகிறான், அவனைக்கூட விட்டுவிடுகிறாளாம். அட்டையை யாராவது எடுத்து வைத்தாலும் மறுநாள் காலையில் ஒரு வார்த்தை மோரேயில் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்கிறாளாம்.

"பட்டினி கிடந்தாலும் பரவாயில்லைன்னு என் வாயவே பாத்துட்டிருக்கா மேடம். நான் எப்ப சறுக்குவேன்னு."

அப்போது அவர் போன் அடித்தது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியாததால் அணைக்காமல் வைத்திருந்தார். தம்பிதான். எடுத்தார்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "எப்ப? எப்படா போனா?" என்றார்.

மோரேயில்.

"நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கக் கூடாதா அவள..." அதுவும் மோரேயில். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாக் கண்ணும் ராஸ்மதா பக்கம் திரும்பியது. புரெய்மா அவளை முழங்கையால் இடித்தான். "போடி. இத விட்டா கிடைக்காது. இன்னிக்காவது முதல்ல சாப்பிடு."

ராஸ்மதா எழுந்தாள். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேஜையை நோக்கி நடந்தாள்.

தப்சோபா அம்மா பேனாவை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருக்கு அவள் வருவது தெரிந்தது. விதி அவர் போட்டதுதானே. தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

கழுத்தில் எதுவும் விழவில்லை.

நிமிர்ந்தார். ராஸ்மதா அவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், துக்க வீட்டில் பெரியவர்கள் முன்னால் உட்காருவதைப் போல. அட்டையைத் திரும்பவும் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கடவுள் அவங்களக் குளிர்ந்த மண்ணுல படுக்க வைக்கட்டும் சார். உங்களுக்குத் தாங்குற பலத்தக் குடுக்கட்டும்." வகுப்புக்கே கேட்கிற மாதிரி, மோரேயில் சொன்னாள்.

அப்புறம் மெதுவாக, பிரெஞ்சில்: "இது பிரெஞ்சுல வராது சார்."

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கப்ரே சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா இருப்பதையே மறந்துவிட்டார்.

"அன்னிக்கு மூணு நாள் கழிச்சு வந்தியே," மோரேயில்தான் கேட்டார். "என்கிட்ட என்ன சொல்ல வந்த?"

"எங்க அம்மாவப் புதைச்சிட்டு வந்தேன்னு, சார்."