உட்பக்கத்தில் ஓர் இலக்கம்

மாலை நான்கு பன்னிரண்டுக்கு லிப்ட் நின்றது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். விசிறி அடங்கியது. கூரையில் ஒரு சிறிய விளக்கு மட்டும் எரிந்தது.

உள்ளே இரண்டு பேர். கையில் ஸ்பெயார் வீலோடு ஒஸ்வால்ட். வெறுங்கையோடு நான்காம் மாடி யூஜினா அக்கா.

அந்தக் கொட்டாஞ்சேனை ஃபிளட்ஸில் எல்லோருக்கும் பழகிய காட்சி அது. பின்னேரத்தில் ஒஸ்வால்ட் காரிலிருந்து ஸ்பெயார் வீலை எடுத்து ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோவான். காலையில் திரும்பக் கொண்டுவருவான்.

"இதுக்கொரு தொட்டில் வாங்குங்க தம்பி. றோஸி பாவம், எத்தினை நாளைக்கு இதோட படுப்பா?" என்று அவன் மனைவிக்காகப் பரிந்தாள் அக்கா.

அவன் சிரித்தான். சக்கரத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

கீழேயிருந்து வாட்ச்சர் கத்தினார். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

"கேற்றடியில ஒராள் நிக்கிறார், காரை வாங்க. இவர் மூண்டாவது ஆள்" என்றாள். "டிக்கியைத் திறந்து காட்டட்டாம். நான் கார்த் திறப்பை மேல விட்டிட்டு வந்திட்டன்."

அவளுடைய கணவர் இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அந்தக் கார் நகரவில்லை. அதை விற்றுவிட்டால் மகனிடம் போய்விடலாம் என்று காத்திருந்தாள். ஒஸ்வால்டின் காரும் அதே மாடல்.

"பழசுதான். ஆனா ஸ்பெயார் வீல் புத்தம் புதுசு. என்ட மனுசன் அதை ஒருநாளும் பூட்டினதில்லை. வந்த ஆளிட்ட அதைத்தான் முதல்ல சொன்னனான்."

சக்கரம் கனத்தது. கீழே வைக்கலாம். ஆனால் லிப்டின் மூன்று பக்கமும் கண்ணாடி. எப்படிச் சாய்த்தாலும் உட்பக்கம் ஏதோ ஒன்றில் தெரியும்.

போன வருடம் இந்த ஒழுங்கையில் இரண்டு கார்களின் சக்கரங்கள் களவு போயின. ஃபிளட்ஸின் செக்ரட்டரி ஒஸ்வால்ட் கூட்டம் வைத்தான். நான்கு சக்கரத்துக்கும் லொக் நட் போடச் சொன்னான். ஸ்பெயார் வீலின் உட்பக்கத்தில் வீட்டு இலக்கத்தை வெள்ளைப் பெயின்றில் எழுதச் சொன்னான். எழுத்து ஒரே சீராக இருக்கட்டும் என்று எல்லோருடையதிலும் அவனே எழுதினான்.

இடம் போதாததால் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். எடுத்து மாற்றி விடுவதற்காக ஒவ்வொரு வீடும் காரின் மாற்றுத் திறப்பு ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தது. அவை அவன் கதவின் பின்னால் ஆணிகளில் தொங்கும்.

ஒன்பது நாட்களுக்கு முன், ஒருகொடவத்தையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தபோது, அவனுடைய டிக்கி காலியாக இருந்தது.

றோஸியிடம் மட்டும் சொன்னான். அவள் இரண்டு நாள் சிரித்தாள். வேறு ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. வெறுங்கையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒன்பது நாளும் படியால் ஏறினான்.

நாளை விடிய ஆட்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஹயர்; ஸ்பெயார் வீல் இல்லாமல் போக முடியாது. மூன்று நாள். நான்காம் நாள் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். எழுத்தை மட்டும் தின்னர் போட்டு அழித்து, பிறகு எழுதிவிடலாம்.

அவன் வயிற்றோடு ஒட்டியிருந்த பக்கத்தில் 4/2 என்று இருந்தது.

ஆணியிலிருந்து எடுத்த அவளுடைய திறப்பு அவன் சட்டைப் பையில் கிடந்தது.

கரண்ட் வரக் கூடாது என்று அந்தோனியாரை நினைத்தான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். உடனே நிறுத்திக்கொண்டான்.

விசிறி சுழன்றது. விளக்குகள் வந்தன. லிப்ட் ஒரு தரம் உதறிவிட்டு ஏறியது.

மூன்று. நான்கு.

கதவு திறந்தது. யூஜினா அக்கா வெளியே காலை வைத்தாள். பிறகு திரும்பி, கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்களும் வாங்களன். எனக்கு அந்த ஆளோட கார்க் கதை கதைக்கத் தெரியாது. நீங்க சொன்னா நம்புவார்."

"இதை வச்சிட்டு..." என்றான்.

அவள் மற்றக் கையைச் சக்கரத்தை நோக்கி நீட்டினாள்.

"அஞ்சாம் மாடிக்கு ஏன் போறீங்க? என்ட வாசல்லயே வச்சிட்டு வாங்க. இங்க ஆர் களவெடுக்கப்போறது?"