ஸ்க்ரீன் இல்லாத மேஜை

“ஏம்மா, ஸ்க்ரீன் எங்கே?” என்றார் ஜாம்பவான். மேஜையில் கீபோர்டு இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது. ஸ்க்ரீன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது.

“எனக்கெதுக்கு சார்? பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துட்டேன்” என்றாள் டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் வருவதையெல்லாம் ஒரு குரல் வாசித்துச் சொல்லும். அதைக் காதால் கேட்டே வேலை செய்கிறவள்.

“கேட்டீங்களா மேடம்? ஸ்க்ரீனைத் தானம் பண்ணிட்டு ப்ரோக்ராம் எழுத வந்திருக்காங்க!” என்று பக்கத்தில் நின்ற மேனேஜர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார் ஜாம்பவான். மேனேஜர் அம்மா சிரிக்கவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா ஜாம்பவான்?

ஜாம்பவான் என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்ததே அவர்தான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ப்ரோக்ராமிங் செக்‌ஷனுக்குத் தலைவர். எந்த ப்ரோக்ராம் எவ்வளவு மெமரியைத் தின்கிறது, கம்ப்யூட்டருக்கு எங்கே மூச்சு முட்டுகிறது என்று காட்டுகிற ‘மானிட்டர்’ ப்ரோக்ராம் ஒன்றை எழுதி, ஆபீஸில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்திருந்தார். திறந்தால் கலர் கலராகப் பட்டைகள் ஓடும். உச்சியில் அவருடைய போட்டோ பல்லைக் காட்டும்.

இந்தப் பெண் அதே வேலையைச் செய்கிற ஒரு மானிட்டரைத் தானும் எழுதியிருக்கிறாளாம். ஏன் என்று மேனேஜர் அம்மா விசாரித்ததற்கு, “இருக்கறது என் காதுக்குச் சரிப்படல மேடம்” என்று சொன்னாளாம். நேற்று முளைத்த காளான்! ப்ரோக்ராமிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே போன வருஷம்தான். ஜாம்பவானுக்கு வயிறு எரிந்தது.

விஷயம் சின்னதில்லை. அடுத்த மாதத்திலிருந்து போனையெல்லாம் மெஷினே எடுத்துப் பேசப்போகிறது, ஆபரேட்டர் வேலை காலி. ஜாம்பவான் வைக்கிற சோதனையில் மானிட்டர் தேறினால் அவருடைய செக்‌ஷனில் இடம், தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“போன்ல ஹலோ சொல்றதுக்கெல்லாம் ப்ரோக்ராம் ஒரு கேடு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டு, அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் ஜாம்பவான்.

“சார், கீழ் அம்புக்குறியை ஒரு தடவை…”

“கீபோர்டைத் தட்டறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நகரு.” ப்ரோக்ராம்களின் பட்டியலைக் குரல் ‘மானி…’ என்று வாசிக்க ஆரம்பித்ததுமே என்டரைத் தட்டினார். ஸ்பீக்கர் சத்தத்தையும் கூட்டி வைத்தார். நாலு பேர் கேட்கட்டுமே என்கிற நல்ல மனசு.

“தலைப்பு இல்லை. படம். பட்டன். பட்டன். பட்டன்” என்றது குரல்.

“அடடா! வெறும் பட்டன்னா என்னத்தைப் புரிஞ்சுக்கறது? அதை அழுத்தினா லைட் எரியுமா, கூரை இடிஞ்சு விழுமா?” நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவருக்குக் குஷி தாங்கவில்லை.

“சார், அது வந்து…”

“நீ வாயைத் திறக்காதே. ப்ரோக்ராம் பேசட்டும்.”

அவள் உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்ததும் ஜாம்பவானுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

மெமரியைத் தின்கிற ப்ரோக்ராம்களின் பட்டியலுக்குள் இறங்கினார். மூன்றாவது வரியை வாசிக்க ஆரம்பித்த குரல், பாதியிலேயே துள்ளி முதல் வரிக்கு ஓடியது. மறுபடி இறங்கினார், மறுபடி ஓடியது. நொடிக்கொரு தரம் பட்டியல் தன்னை மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தது. எது எவ்வளவு தின்கிறது என்று கேட்கப்போனால், ‘படம், படம்’ என்றதோடு சரி.

“மேடம், நீங்களே சொல்லுங்க. கண்ணு தெரியாதவங்க இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? நாக்கு வழிக்கக்கூட உதவாது!”

மேனேஜர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “அவசரப்படாதீங்க சார். முதல் முயற்சி. கொஞ்சம் திருத்தினா…”

“திருத்தறதா? இதையா? இது திருந்தற கேஸ் இல்ல மேடம். பட்டனுக்குப் பேர் வைக்கக்கூடத் துப்பில்ல. அடுத்தவங்க எப்படிப் பயன்படுத்துவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்காத ஜென்மம். இதெல்லாம் ப்ரோக்ராம் எழுதலைன்னு யார் அழுதா?”

“சார், கொஞ்சம் மெதுவா…”

“எதுக்கு மெதுவா? எல்லாரும் கேக்கட்டும். இதை எழுதினவங்களுக்கு என் செக்‌ஷன்ல மட்டும் இல்ல, இந்த ஆபீஸ்லயே இடம் கிடையாது. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்புங்க.”

“இதுதான் உங்க முடிவா?”

“என் முடிவேதான் மேடம். வேணும்னா எழுதியே தர்றேன்.”

மேனேஜர் அம்மா பெருமூச்சோடு அந்தப் பெண் பக்கம் திரும்பி, “நீ ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, போனில் பேசுகிற அதே மரியாதையான குரலில் சொன்னாள்:

“சார், நீங்க திறந்தது உங்க மானிட்டர். என்னோடது அதுக்குக் கீழே இருக்கு.”