முப்பத்தெட்டு சட்டைகள்

ஏரிக்கரை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். சுகிர்தா எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் கல்பனா. இருவருக்கும் நடுவில் போன்.

கீழே நூறு நாள் வேலைக்காரர்கள் கால்வாய் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

டெல்லியில் இன்று விசாரணை. அவள் புருஷன் அருள்தாஸின் தூக்கை நிறுத்தி வைப்பார்களா என்று பத்தரை மணிக்கு மேல் தெரிந்துவிடும். மறுத்துவிட்டால் இன்னும் பதினோரு நாள்தான்.

போன் அடித்தது. சுகிர்தா எடுத்துக் காதில் வைத்தாள்.

லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள்.

"கட் பண்ணு சுகிர்தா. வக்கீல் இப்ப அடிச்சா இன்னா பண்றது?" என்றாள் கல்பனா.

ஏழு வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், பக்கத்து ஊர் டிராக்டர் டிரைவர் சேட்டுவை மோட்டார் கொட்டகையில் யாரோ வெட்டிக் கொன்றுவிட்டு ஓடினார்கள். அந்தி இருட்டில் சேட்டுவின் மனைவி பார்த்தது முதுகை மட்டும். பச்சைக் கட்டம் போட்ட சட்டை.

மறுநாள் போலீஸ் காலனிக்குள் நுழைந்தபோது, அருள்தாஸ் வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை ஈரமாகத் தொங்கியது. புது வருட ஆராதனைக்கு வேண்டும் என்று அவன் கேட்டதால் சுகிர்தாதான் துவைத்துப் போட்டிருந்தாள். ரத்தக்கறையைக் கழுவியதாக எழுதிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குச் சபையில் ஒரே துணி எடுத்து முப்பத்தெட்டு ஆண்களுக்கும் சட்டை தைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் பச்சைக் கட்டம். சுகிர்தா அதைக் கோர்ட்டில் சொன்னாள். புருஷனுக்காகப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

"துவைச்சதுக்கா அழுவுற? அழுக்கா குடுத்திருந்தாத்தான் கோச்சிக்கினு இருப்பேன்" என்பான் அருள்தாஸ், வேலூர் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று.

மறுபடி போன். வக்கீல் வெங்கடகிருஷ்ணன்.

"நிறுத்தி வெச்சிட்டாங்கம்மா. கேஸை மொதல்லேர்ந்து விசாரிக்கச் சொல்லிட்டாங்க."

சுகிர்தா போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சேட்டு சம்சாரம் பக்கத்துல இருக்காங்களா? அவங்க மனுவைத்தான் ஜட்ஜ் ரெண்டு தரம் படிச்சாரு."

"கீறாங்க சார்" என்று சுகிர்தா போனைக் கல்பனாவிடம் கொடுத்தாள்.

போன கிறிஸ்துமஸ் அன்று சபைக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்தாள் கல்பனா. ஆராதனை முடிந்து ஆண்கள் அவளைத் தாண்டி நடந்து போனார்கள். அத்தனை பேரும் ஒரே துணியில். மறு வாரமே, தான் பார்த்த முதுகு அருள்தாஸுடையதுதான் என்று சொல்ல முடியாது என்று மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

செய்தி கீழே போய்விட்டது. காலனி ஆண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறி வந்தார்கள். சுகிர்தாவைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஏழு வருடமாகக் கல்பனாவுக்கு வெறுக்க ஒரே ஒரு முகம் இருந்தது. இப்போது முப்பத்தேழு.

"இந்தாக்கா, தண்ணி குடி. காலைலேர்ந்து வெயில்ல கீற" என்று அந்தக் கூட்டத்திலிருந்து பீட்டர் சொம்பை நீட்டினான்.

கல்பனா வாங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.